வீட்டில் நிரப்பிய தோட்டாவைப் பாதுகாப்பாகப் பிரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஐம்பது தோட்டாக்களை நிரப்பி முடித்துப் பெட்டியை மூடப் போகும்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. நடுவில் ஒரு போன் வந்தது, எழுந்து போய்ப் பேசினேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன். விட்ட இடத்திலிருந்துதான் தொடங்கினேனா, இல்லை ஏதோ ஒரு கூட்டில் இரண்டாம் முறையும் வெடிமருந்தைக் கொட்டிவிட்டேனா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. 9 மி.மீ. கூட்டில் வேகமாக எரியும், அடர்த்தியான மருந்து நாலரை கிரெய்ன் (சுமார் 0.3 கிராம்) போட்டால் பாதிகூட நிறையாது. அப்படிப்பட்ட சில மருந்துகளில் இரண்டு மடங்கு போட்டாலும் உள்ளே அடங்கிவிடும், மேலே குண்டும் உட்கார்ந்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

தராசில் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் பல கம்பெனிக் கூடுகள் கலந்திருந்தால் கூட்டின் எடையே ஒன்றுக்கொன்று சில கிரெய்ன் மாறும், குண்டின் எடையும் கொஞ்சம் மாறும், நாம் தேடுவதோ நாலரை கிரெய்ன் வித்தியாசத்தை. அதனால் கனமாக இருக்கும் தோட்டாவை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை நம்புவது பாதுகாப்பு ஆகாது. ஒரு தோட்டாவில் சந்தேகம் என்றால் அந்தத் தொகுதி முழுவதிலும் சந்தேகம்தான். ஐம்பதையும் பிரித்தேன். முப்பத்தொன்றாவதில் இரட்டை மருந்து இருந்தது.

அதற்குப் பிறகு இந்த வேலையை எத்தனையோ தடவை செய்தாகிவிட்டது. செய்யும் முறையை எங்கெங்கே கவனம் வேண்டுமோ அங்கே நின்று நிதானமாகச் சொல்கிறேன். நீங்கள் இருக்கும் இடத்தில் தோட்டா நிரப்பவும் பிரிக்கவும் சட்டம் அனுமதிக்கிறது, அதற்கான உரிமம் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அது இல்லையென்றால் இதைச் செய்ய வேண்டாம்.

எது வெடிக்கும், எது எரியும்

தோட்டாவில் நாலு பாகம்: பித்தளைக் கூடு, குண்டு, உள்ளே மருந்து, அடியில் பிரைமர். இந்த நாலில் தட்டினால் வெடிக்கக்கூடியது பிரைமர் ஒன்றுதான். அது ஒரு சின்னக் கிண்ணம், அதற்குள் பெரும்பாலும் லெட் ஸ்டிஃப்னேட் கலந்த பசை, அதன் மேல் ஆன்வில் என்னும் சிறு தகடு. கிண்ணம் நசுங்கும்போது பசை ஆன்விலுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே சிக்கி வெடிக்கிறது. துப்பாக்கியில் ஊசி செய்யும் வேலையை, பணிமேசையில் ஒரு கூர்மையான விளிம்போ, கூட்டின் அடியைப் பிடிக்கும் சரியாகப் பொருந்தாத ஹோல்டரோ தவறுதலாகச் செய்துவிட முடியும்.

புகையில்லா மருந்து வேறு ரகம். நைட்ரோசெல்லுலோஸ், சிலவற்றில் அதோடு நைட்ரோகிளிசரின். திறந்த வெளியில் தீப்பிடித்தால் புஸ்ஸென்று வேகமாக எரியும், சாதாரணத் தட்டுக்கெல்லாம் பற்றாது. அதை அடைத்து வைத்து எரியவிட்டால்தான் அழுத்தம் ஏறும். கருமருந்து என்றால் கதையே வேறு, ஒரு சின்னப் பொறிகூடப் போதும்.

துப்பாக்கி அறைக்கு வெளியே ஒரு தோட்டா வெடித்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் அமைப்பான சாமி (SAAMI) வகுத்த உச்ச அழுத்தம் 9 மி.மீ.க்கு 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .308 ரைஃபிள் தோட்டாவுக்கு 62,000 பிஎஸ்ஐ. கெட்டியான எஃகு அறை சுற்றி இறுக்கிப் பிடித்திருப்பதால்தான் அந்த அழுத்தம் உருவாகிறது. கையிலோ மேசையிலோ அந்தப் பிடிப்பு இல்லை, எனவே அழுத்தம் ஏறத் தொடங்கியதும் மெல்லிய பித்தளை கிழிந்துவிடுகிறது. கனமான குண்டு பெரிய வேகத்தில் போகாது. இலேசான பித்தளைத் துணுக்குகளும் பிரைமர் கிண்ணமும்தான் பறக்கும், கண்ணையும் விரலையும் பதம் பார்க்க அது போதும். கண்ணாடி போடாமல் உட்காராதீர்கள் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

அதனால் ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் நான் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: பிரைமர் எந்தப் பக்கம் பார்க்கிறது, அதை என்ன தொடுகிறது? இந்த வழிகாட்டியில் வரும் விதிகளில் பாதி இந்தக் கேள்விக்கான பதில்தான்.

பிரிக்கவே கூடாதவை

.22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாக்களை எந்தப் புல்லரிலும் (கூட்டிலிருந்து குண்டை உருவும் கருவி) போடாதீர்கள். அவற்றில் தனி பிரைமர் கிடையாது, வெடிக்கும் பசை விளிம்பு முழுவதும் பரவியிருக்கிறது. புல்லரோ அந்த விளிம்பைப் பிடித்துத்தான் அடி கொடுக்கிறது. இதில் விதிவிலக்கே இல்லை.

நுனியில் சாயம் பூசிய ராணுவத் தோட்டாக்கள், அதாவது பறக்கும்போது ஒளிரும் டிரேசர், தீமூட்டும் ரகம், வெடிக்கும் ரகம் போன்றவற்றைத் தொடாதீர்கள். அவற்றின் குண்டுக்குள்ளேயே வேதிப்பொருள் இருக்கும். மண்ணில் தோண்டி எடுத்தது, பச்சையாகக் களிம்பேறியது, கூடு வெடிப்பு விட்டது, என்ன வகையென்றே தெரியாதது எல்லாவற்றையும் போலீஸிடமோ உரிமம் பெற்ற சுடுதளத்திடமோ ஒப்படைப்பதுதான் வழி. அவர்களுக்கு முதலில் போன் செய்து சொல்லிவிட்டுக் கொண்டுபோங்கள். மண்ணில் கிடைத்ததாக இருந்தால் கையிலேயே எடுக்காமல் அவர்களை வரச் சொல்லுங்கள்.

ஊசி அடித்தும் வெடிக்காமல் போன தோட்டாவையும் இந்தப் பட்டியலில்தான் வைத்திருக்கிறேன். பிரைமரில் பள்ளம் விழுந்திருக்கும். ஏற்கெனவே அடி வாங்கிய பிரைமர் அடுத்த தட்டுக்கு என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைச் சுத்தியல் புல்லரில் போட்டு மறுபடி அதிர வைப்பானேன்? பல சுடுதளங்களில் அதற்கென்றே பெட்டி வைத்திருப்பார்கள், அங்கே விட்டுவிடுங்கள்.

அடுத்தவர் நிரப்பிக் கொடுத்த தோட்டா வந்தால் பிரிக்கலாம், ஆனால் அதிலுள்ள மருந்து உங்களுக்குத் தெரியாத மருந்து. பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி அதை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

மேசையை முதலில் காலி செய்யுங்கள்

திறந்த மருந்து டப்பா, பிரைமர் பெட்டி, வேறு தோட்டாக்கள் எதுவும் அந்த மேசையில் இருக்கக் கூடாது. பிரிக்கப் போகும் தொகுதி, காலிக் கிண்ணம் மூன்று, புல்லர், அவ்வளவுதான். கிண்ணங்களில் ஒன்று குண்டுக்கு, ஒன்று மருந்துக்கு, ஒன்று கூட்டுக்கு. மருந்துக் கிண்ணத்தின் மேல் வேலை தொடங்கும் முன்பே ஒரு சீட்டு ஒட்டி ‘பிரித்தெடுத்தது, பயன்படுத்தாதே’ என்று எழுதிவிடுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டால் எழுத மாட்டீர்கள்.

கண்ணுக்குப் பக்கவாட்டு மறைப்புள்ள பாதுகாப்புக் கண்ணாடி. காதுக்கும் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள், மூடிய அறையில் ஒரு பிரைமர் வெடித்தாலே காது ரீங்காரமிடும். ஈயம் கையில் படுமென்பதால் மெல்லிய நைட்ரைல் கையுறை. சிகரெட், மெழுகுவத்தி, ஹீட்டர், பொறி தெறிக்கும் சாணைச் சக்கரம் எல்லாம் வேறு அறையில் இருக்கட்டும். குழந்தைகளும் பிராணிகளும் கதவுக்கு வெளியே. போனை அணைத்துவிடுங்கள், எனக்குப் பிரச்சினை தொடங்கியதே அதில்தான்.

தீயைப் பற்றி ஒன்று. மருந்து எரிவதற்குத் தேவையான ஆக்ஸிஜன் மருந்துக்குள்ளேயே இருக்கிறது, அதனால் போர்வையைப் போட்டு மூடி அணைக்கப் பார்த்தால் அணையாது. கிண்ணத்தில் ஒரு கைப்பிடி மருந்து எரிந்தால் அது எரிந்து முடிவதற்குள் நீங்கள் விலகி நிற்பதுதான் சரி. பக்கத்திலிருக்கும் மரமோ காகிதமோ பற்றிக்கொண்டால் அணைக்கத்தான் தண்ணீரும் அணைப்பானும். அதனால் மருந்துக் கிண்ணம் நிறைய நிறைய அதை வெளியே கொண்டுபோய் வையுங்கள்.

சுத்தியல் வகைப் புல்லர்

பெரும்பாலானவர்களிடம் இருப்பது இதுதான். பிளாஸ்டிக் சுத்தியல் போல இருக்கும், தலை உள்ளீடற்றது. தோட்டாவைக் குண்டுப் பக்கம் உள்ளே போகும்படி நுழைத்து, கூட்டின் விளிம்பை மூன்று துண்டாலான ஒரு பிடிப்பு கவ்வும்படி வைத்து, மேலே மூடியை இறுக்குகிறோம். தலையை ஒரு கெட்டியான இடத்தில் அடித்தால் சுத்தியல் சட்டென்று நின்றுவிடுகிறது, கூடும் அதோடு நிற்கிறது, குண்டு மட்டும் தன் வேகத்தில் கீழே போகப் பார்க்கிறது. பேருந்து பிரேக் போடும்போது நாம் முன்னால் சாய்கிற அதே கதைதான்.

அடிப்பதற்கு முன்னால் புல்லரை வெளிச்சத்தில் பாருங்கள். தலையில் மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். பிடிப்பின் மூன்று துண்டுகளைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது காய்ந்து வெடித்துவிட்டால் ஒரு துண்டு சாய்ந்து உட்காரும், விளிம்பைச் சரிந்து கவ்வும். என்னுடையது ஒருமுறை அப்படி அறுந்ததை நான் கவனிக்கவில்லை. மூடியை இறுக்கும்போது வழக்கத்தைவிட அரைச் சுற்று முன்னதாகவே நின்றுவிட்டது, அதனால்தான் திறந்து பார்த்தேன். ஒரு துண்டின் முனை பிரைமர் ஓரத்துக்கு மிக அருகில் வந்து நின்றிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு தோட்டாவுக்கும் அந்த மூடி எத்தனை சுற்றில் நிற்கிறது என்று கை கணக்கு வைத்துக்கொள்கிறது.

அந்த மூன்று துண்டுப் பிடிப்பு சலிப்பாக இருக்கிறதென்று பலர் அதை எடுத்துவிட்டு பிரஸ்ஸில் (நெம்புகோலால் இயங்கும், தோட்டா நிரப்பும் இயந்திரம்) போடும் ஷெல் ஹோல்டரைப் புல்லரில் வைத்து அடிக்கிறார்கள். வேகமாகத்தான் இருக்கும். ஆனால் அது தள்ளி அழுத்தும் வேலைக்குச் செய்த சாமான், அடி தாங்கி நேராக நிற்கும் வேலைக்கு அல்ல. புல்லரோடு வந்த பிடிப்பையே பயன்படுத்துங்கள், உங்கள் தோட்டாவின் விளிம்புக்குரிய அளவையே போடுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். அடிக்கும்போது குண்டு கீழே போகப் பார்ப்பதுபோல பிரைமரும் கீழ் நோக்கித்தான், அதாவது தன் குழியின் அடிப்பக்கம் நோக்கித்தான் தள்ளப்படுகிறது. ஒழுங்காக உட்கார்ந்த பிரைமருக்குப் போக இடமில்லை, ஆபத்தில்லை. ஆனால் முழுதாக உட்காராமல் எழும்பி நிற்கும் பிரைமராக இருந்தால் ஒவ்வொரு அடியும் அதைக் குழிக்குள் இடித்து உட்கார வைக்கும். எனவே ஒவ்வொரு தோட்டாவின் அடியையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்கு மேலே தட்டுப்பட்டாலோ, சாய்ந்து உட்கார்ந்திருந்தாலோ, தலைகீழாக இருந்தாலோ அது சுத்தியல் புல்லருக்கு வேண்டாம். தனியாக எடுத்து வையுங்கள், அடுத்த முறையில் பார்ப்போம். எழும்பி நிற்கும் பிரைமரை, மருந்தும் குண்டும் உள்ளே இருக்கும்போது பிரஸ்ஸில் வைத்து அழுத்தி உட்கார வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த வேலையில் செய்யக்கூடிய தவறுகளில் அதுதான் மிக மோசமானது.

சரி, அடிப்பது. ஒரு தோட்டாவைப் போடுங்கள், ஒன்றே ஒன்று. மூடியை முழுதாக இறுக்குங்கள். அடிக்கும் இடம் கெட்டியாக, அதிராமல் இருக்க வேண்டும். தடிமனான மரக்கட்டையைச் செங்குத்தாக நிறுத்தி அதன் வெட்டுமுகத்தில் அடிப்பது எனக்குப் பிடிக்கும். மேசைப் பலகையில் அடித்தால் பலகை வளைந்து கொடுத்து அடியின் பாதியைத் தின்றுவிடும், நீங்கள் இன்னும் ஓங்கி அடிப்பீர்கள். தலை தட்டையாக விழட்டும். அடி விழும் நேரத்தில் பிரைமர் மேல்நோக்கிப் பார்க்கிறது என்பதை மறக்காதீர்கள், முகத்தைப் புல்லருக்கு நேர் மேலே கொண்டுபோகாதீர்கள், கையை நீட்டி உடம்பைச் சற்று விலக்கி அடியுங்கள்.

ஓங்கி ஓங்கி அடிக்க வேண்டியதில்லை. மணிக்கட்டிலிருந்து உறுதியான நாலைந்து அடி. சத்தத்தைக் கேளுங்கள்: குண்டு பிடியில் இருக்கும்வரை கட்டையில் அடிபடும் ஒற்றைச் சத்தம், குண்டு கழன்றதும் அதோடு ஒரு குலுங்கல் சேர்ந்து கேட்கும், உள்ளே மணல் சரிவதுபோல. உடனே நிறுத்துங்கள். புல்லரை அதே நிலையில், அடிபட்ட முகம் கீழேயும் மூடி மேலேயும் இருக்கும்படி வைத்து மூடியைக் கழற்றிக் கூட்டை எடுங்கள், பிறகு குண்டையும் மருந்தையும் கிண்ணத்தில் கவிழ்த்துங்கள். கூட்டுக்குள் எட்டிப் பார்த்து மருந்து மிச்சமில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குண்டின் நுனி நசுங்காமலிருக்கச் சிலர் தலைக்குள் நுரைத்துண்டு வைப்பார்கள், நல்ல யோசனைதான். ஆனால் அதன் அடியில் மருந்துத் துணுக்குகள் ஒளிந்துகொள்ளும், அடுத்த தொகுதி வேறு மருந்தாக இருந்தால் கலந்துவிடும். தொகுதி மாறும்போது நுரையை எடுத்துத் தட்டுங்கள்.

இருபத்தைந்து தோட்டா ஆனதும் எழுந்துவிடுங்கள். கை ஓய்ந்தால் அடி கோணலாக விழும், கவனமும் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு எப்போது முடியும் என்பதிலேயே போய்விடும்.

காலட் வகைப் புல்லர்

பிரஸ் இருப்பவர்களுக்கு இதுதான் மென்மையான வழி. கூட்டையும் குண்டையும் அளவுக்குக் கொண்டுவரும் அச்சான டை போலவே பிரஸ்ஸின் மேலே திருகும், உள்ளே குண்டின் விட்டத்துக்கேற்ற காலட், அதாவது இறுக்கினால் சுருங்கிக் கவ்வும் வளையம், இருக்கும், .224 அங்குலத்துக்கு ஒன்று, .308 அங்குலத்துக்கு ஒன்று என்று. தோட்டாவை ஷெல் ஹோல்டரில் வைத்து மெதுவாக மேலே ஏற்றுங்கள், குண்டு காலட்டுக்குள் போகட்டும். காலட்டின் வாய் கூட்டின் வாய்க்கு அருகில் இருக்க வேண்டும், ஆனால் அதில் இடிக்கக் கூடாது. கைப்பிடியை இறுக்கினால் காலட் குண்டைக் கவ்வும், பிறகு நெம்புகோலை நிதானமாக எதிர்ப்பக்கம் திருப்பி ராமை, அதாவது ஷெல் ஹோல்டரைத் தாங்கும் தண்டை, இறக்குங்கள். கூடு கீழே போகும், குண்டு மேலேயே தங்கும். காலட்டைத் தளர்த்தினால் கையில் விழும்.

இதில் அடியும் இல்லை, அதிர்வும் இல்லை. கூடு நிமிர்ந்தே இருப்பதால் மருந்து சிந்தாமல் உள்ளேயே நிற்கிறது, ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்துப் பார்க்கலாம். என்னுடைய இரட்டை மருந்து எங்கே இருந்தது என்று எண்ணோடு சொல்ல முடிந்ததற்கும், சுத்தியல் வகையில் பிரித்தாலும் ஒவ்வொன்றையும் தனியாகக் கொட்டி நிறுத்ததுதான் காரணம். எழும்பி நின்ற பிரைமர் உள்ளவற்றுக்கும் இதுவே நல்லது, ஒரு எச்சரிக்கையோடு: ஷெல் ஹோல்டரில் பக்கவாட்டில் நுழைக்கும்போது எழும்பிய பிரைமர் விளிம்பில் இடித்தால் தள்ளாதீர்கள். சுலபமாக நுழைந்தால் செய்யுங்கள், நுழையாவிட்டால் அதைச் சுடுதளத்துக்கோ அனுபவமுள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடமோ கொண்டுபோங்கள்.

காலட்டின் குறை என்னவென்றால், குண்டில் பிடிக்க நேரான பக்கம் வேண்டும். கட்டையான பிஸ்டல் குண்டுகளில் வெளியே நீட்டியிருப்பது வளைவு மட்டும்தான், வழுக்கும். மிருதுவான ஈயக்குண்டில் தழும்பு விழும், நசுங்கும். அவற்றுக்குச் சுத்தியல் வகைதான். வழுக்குகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினால் காலட்தான் கெடும்.

கழன்று வராத தோட்டா

பல ஆண்டு கிடந்த தோட்டாக்களில் குண்டும் கூட்டின் கழுத்தும் ஒட்டிக்கொண்டுவிடும், சிலவற்றில் ஓரம் மடித்துக் கிரிம்ப் செய்திருக்கும், சிலவற்றில் நீர் புகாமலிருக்கத் தார் போன்ற பூச்சு. இவற்றைக் கழற்ற ஒரு எளிய வழி உண்டு. குண்டை உட்கார வைக்கும் டையில் போட்டு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக உள்ளே தள்ளுங்கள், பிடிப்பு ‘டக்’ என்று விடுபடும், அதற்குப் பிறகு இழுத்தால் சுலபமாக வரும். கூடு நிறைய அழுத்தி நிரப்பிய மருந்து உள்ளே இருந்தால் இந்த வழி வேண்டாம். பிரைமர் சரியாக உட்காராதவற்றிலும் வேண்டாம்.

இதற்கும் வராவிட்டால் அந்தத் தோட்டாவை ஒதுக்கிவையுங்கள். குறடால் பிடித்து முறுக்குவது, வைஸில் கூட்டை நசுங்கப் பிடித்து இழுப்பது, ரம்பத்தால் அறுப்பது, துளை போடுவது, சூடு காட்டுவது, இவற்றில் எதையும் செய்யாதீர்கள். ஒரே ஒரு தோட்டா மிச்சமிருக்கும்போதுதான் இந்த எண்ணமெல்லாம் வரும், அதையும் முடித்துவிடுவோமே என்று. ஒதுக்கிவைத்து ஒப்படைத்தால் போயிற்று.

மருந்து உள்ளே கெட்டித்துப் போய்க் கொட்ட மறுத்தால் மரக்குச்சியோ பிளாஸ்டிக் குச்சியோ கொண்டு மெல்லக் கிளறுங்கள். எஃகு ஆணியோ ஸ்க்ரூடிரைவரோ வேண்டாம், கூட்டின் அடியில் பிரைமருக்குப் போகும் துளை இருக்கிறது.

மருந்தை என்ன செய்வது

ஒரே தொகுதி, ஒரே டப்பாவிலிருந்து நேற்று நீங்களே நிரப்பியது, நடுவில் வேறெதுவும் கலக்கவில்லை, நிறம், வடிவம் எல்லாம் ஒத்துப்போகிறது என்றால் திரும்பப் பயன்படுத்தலாமே என்று கேட்பார்கள். நான் பயன்படுத்துவதில்லை. ஐம்பது பிஸ்டல் தோட்டாவிலிருந்து மொத்தமாகக் கிடைப்பது 15 கிராம் மருந்துதான். அதை டப்பாவில் திருப்பிக் கொட்டி, அது தவறாகப் போனால் டப்பா முழுவதும் சந்தேகத்துக்குரியதாகிவிடும். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மருந்துகளின் எரியும் வேகம் முற்றிலும் வேறாக இருக்கலாம், கண்ணால் பார்த்து அடையாளம் சொல்ல யாராலும் முடியாது. கலந்த மருந்தைத் துப்பாக்கியில் போடவே கூடாது.

மோந்து பாருங்கள், தள்ளி நின்று. நல்ல மருந்துக்கு ஈதர், ஸ்பிரிட் போன்ற இலேசான வாசனை இருக்கும். காரமாக மூக்கைக் குத்தும் புளிப்பு நெடி, செம்பழுப்புத் தூள், குண்டின் அடியில் பச்சைக் களிம்பு, இவையெல்லாம் மருந்து சிதைந்துகொண்டிருப்பதன் அறிகுறி. சிதையும் மருந்து தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும், வீட்டுக்குள் ஒரு இரவுகூட வைக்காதீர்கள்.

அப்புறப்படுத்த முதல் வழி, உங்கள் ஊரின் அபாயக் கழிவு சேகரிப்பு மையம் ஏற்றுக்கொள்கிறதா என்று கேட்பது. ஏற்காத இடங்களில், சட்டம் தடுக்கவில்லையென்றால், ஆளில்லாத திறந்த வெளியில் எரிப்பார்கள்: மெல்லிய பரப்பாக, ஓர் அங்குல உயரத்துக்கு மேல் போகாமல், கொஞ்சம் கொஞ்சமாக, நீங்கள் விலகிப் போக நேரம் கிடைக்கும்படி மெதுவாக எரியும் ஒரு திரியின் வழியாகப் பற்றவைத்து. டப்பாவிலோ குழாயிலோ மூடிய எதிலுமோ வைத்து எரிக்கக் கூடாது. சிலர் புல்வெளியில் தூவிவிடுவார்கள், அதிலுள்ள நைட்ரஜன் செடிக்கு உரமாகும் என்பார்கள். நைட்ரோகிளிசரின் உள்ள மருந்தை நாயோ பூனையோ நக்கினால் அதற்கு விஷம், எனவே பிராணிகள் நடமாடும் இடத்தில் வேண்டாம். சாக்கடையிலும் கழிப்பறையிலும் குப்பைத் தொட்டியிலும் கொட்டாதீர்கள்.

தரையில் சிந்தியதைத் தூரிகையும் முறமும் கொண்டு கூட்டுங்கள். வாக்குவம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள், அதன் மோட்டாரில் பொறி பறக்கிறது, பைக்குள் மருந்துத் தூசு.

பிரைமர் உள்ள கூடு

குண்டும் மருந்தும் போய்விட்டது, இனி இது வெறும் பித்தளை என்று மனம் சொல்லும். இல்லை. வெடிக்கக்கூடிய பாகம் இன்னும் அங்கேயே இருக்கிறது. அதை மற்றக் காலிக் கூடுகளோடு கொட்டினால், நாளை யாராவது அதை எடுத்துச் சாதாரண வேகத்தில் டிகேப்பிங், அதாவது பிரைமரை ஊசியால் தள்ளி எடுக்கும் வேலை, செய்வார்கள். பிரைமருள்ள கூடுகள் தனிப் பெட்டியில், வாய் மேல்நோக்கி, மேலே பெரிய எழுத்தில் சீட்டு.

இருப்பதிலேயே நல்ல வழி, பிரைமரை எடுக்காமல் அப்படியே மறுபடி நிரப்புவது. பிரைமர் சரியாக உட்கார்ந்திருந்து, கூட்டில் பழுதில்லையென்றால் அதில் தவறில்லை. கழுத்து தளர்ந்திருந்தால் மறுபடி அளவுப்படுத்த வேண்டும், அப்போது டையிலிருந்து டிகேப்பிங் ஊசியைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். இதை இரண்டு முறை சரிபாருங்கள். மசகு எண்ணெய் கூட்டுக்குள்ளே போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரைமர் வேண்டாம், கூடு மட்டும் போதும் என்றால் சுடுதளத்தில் அந்த வெற்றுக் கூட்டைத் துப்பாக்கியில் போட்டுப் பிரைமரை மட்டும் சுட்டுவிடலாம், தளத்தின் அனுமதியோடு, வழக்கமான எல்லா விதிகளோடும். முதலில் கூட்டில் மருந்து இல்லையென்று பாருங்கள். ரிவால்வரில் இப்படிச் செய்யும்போது பிரைமர் பின்னால் நகர்ந்து சிலிண்டர் சுழலாமல் மாட்டிக்கொள்வது உண்டு, பதற்றப்பட்டுப் பலம் கொடுத்துத் திருப்பாதீர்கள்.

வெடிக்காத பிரைமரை பிரஸ்ஸில் தள்ளி எடுப்பதைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு, பல உற்பத்தியாளர்கள் செய்யாதே என்கிறார்கள். என் கருத்தும் அதுதான், முதல் இரண்டு வழியும் இருக்கும்போது இது தேவையில்லை. செய்தே தீருவேன் என்பவர்களுக்கு: ஒரு நேரத்தில் ஒன்று, இழுத்துவிடாமல் ஒரே சீரான மெதுவான அழுத்தம், கண்ணாடியும் காதடைப்பும், ராமுக்கு நேராக முகமோ கையோ இல்லாமல். இறுக்கம் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ராணுவக் கூடுகளில் பிரைமரைச் சுற்றிக் கிரிம்ப் இருக்கும், அவற்றில் முயற்சியே வேண்டாம். சுத்தியலால் தட்டி ஊசியைச் செலுத்தும் பழைய கைக்கருவிகளை வெடிக்காத பிரைமர் உள்ள கூட்டில் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

எடுத்த பிரைமர்களை ஒரு ஜாடியில் போட்டுக் குவித்து வைப்பதை நான் பார்த்திருக்கிறேன், அடிவயிறு கலங்கியது. ஒரு பிரைமர் வெடித்தால் பக்கத்திலிருப்பதும் வெடிக்கும், நூறு ஒன்றாகக் கிடந்தால் நூறும் ஒரே நொடியில். கடையில் வாங்கும்போது ஒவ்வொன்றும் தனிக் குழியில் தள்ளித்தள்ளி இருப்பதற்குக் காரணம் இதுதான். எண்ணெயில் ஊறப்போட்டால் செத்துவிடும், தண்ணீரில் போட்டால் போதும் என்று சொல்வதையும் நம்பாதீர்கள். எண்ணெய் எல்லாப் பிரைமரையும் கெடுப்பதில்லை, தண்ணீரில் நனைந்தது காய்ந்ததும் மறுபடி உயிர் பெறக்கூடும். ஊறப்போட்டதையும் உயிருள்ள பிரைமராகவே நடத்தி ஒப்படையுங்கள்.

குண்டும் கூடும்

செப்பு உறையிட்ட குண்டில் கீறல் இல்லையென்றால் மறுபடி பயன்படுத்தலாம், நிறுத்துப் பார்த்து வகை பிரித்து வையுங்கள். காலட் தழும்பு ஆழமாக இருந்தால் வேண்டாம். நசுங்கிய ஈயக்குண்டை உருக்குபவர்கள் முதலில் கழுவித் துடைத்து நன்றாகக் காயவைக்க வேண்டும், ஒட்டியிருக்கும் மருந்தும் ஈரமும் உருகிய ஈயத்துக்குள் போகக் கூடாது.

முடிந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டுக் கையையும் முகத்தையும் கழுவுங்கள், கழுவும்வரை சாப்பாடு, தண்ணீர், கண் கசக்கல் எதுவும் வேண்டாம். மேசையை உலர்ந்த துணியால் தட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள், ஈயத்தூசு காற்றில் எழாது. கிண்ணங்களை எண்ணுங்கள்: ஐம்பது தோட்டா பிரித்திருந்தால் ஐம்பது குண்டு, ஐம்பது கூடு. ஒன்று குறைந்தால் மேசைக்கடியில் தேடுங்கள். புல்லரின் தலையைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே வெளிச்சம் காட்டிப் பாருங்கள்.

பிறகு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள், எத்தனை தோட்டா, எதில் என்ன தவறு, மருந்து எத்தனை கிரெய்ன் இருந்தது, ஏன் நடந்திருக்கும் என்று. என் முப்பத்தொன்றாவது தோட்டாவில் இருந்தது 9 கிரெய்ன். அந்தப் பக்கத்தில் எழுதிய மாற்றத்தைத்தான் இன்றுவரை செய்துவருகிறேன்: மருந்து போட்ட கூடுகள் எல்லாம் மரப்பலகைக் குழிகளில் நிற்கும், குண்டு வைப்பதற்கு முன் டார்ச் அடித்து ஒவ்வொரு வாய்க்குள்ளும் மட்டம் பார்ப்பேன், யாராவது கூப்பிட்டால் பாதியில் நின்ற வரிசை முழுவதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன்.